பிரஷர் இனத்தைப் பார்த்து வருமா, மரபணுவைப் பார்த்து வருமா?

#1 தென்றல்34

எனக்கு வயது 34. போன மாதம் வேலைக்கான உடல் பரிசோதனையில் 152/96 வந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் 148/94. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நாற்பது வயதுக்குள்ளேயே பிரஷர் மாத்திரை தொடங்கிவிட்டது. அதனால் எனக்கு வந்ததில் பெரிய அதிர்ச்சி இல்லை. மருத்துவர் சொன்ன ஒரு வரிதான் மனதைக் குடைகிறது. "உங்க இனத்துக்கு இது வரத்தான் செய்யும், ஜீன் அப்படி" என்று சொல்லி, மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கறுப்பினத்தவரின் உடல் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று ஓரிடத்தில் இருக்கிறது. இன்னோரிடத்தில் இனம் என்பதே உயிரியலில் கிடையாது என்கிறார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 இரட்டைச்சுருள்

தென்றல், குடும்பத்தில் வருவதும் இனத்தில் வருவதும் வேறு வேறு கேள்விகள். உங்கள் மருத்துவர் முதல் கேள்வியின் விடையை எடுத்து இரண்டாவது கேள்விக்குக் கொடுத்துவிட்டார். நான் மரபணுத் தரவுகளோடு வேலை செய்கிறவன். இந்தக் குழப்பத்தைப் படித்தவர்களிடமே அடிக்கடி பார்க்கிறேன்.

குடும்பங்களையும் இரட்டையர்களையும் வைத்துச் செய்த ஆய்வுகளில், ஒரு மக்கள்கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் பிரஷர் மாறுபடுவதில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் மரபு சார்ந்தது என்று வருகிறது. அம்மா, பெரியம்மா, நீங்கள் என்ற வரிசை இதில் அடங்கும். ஆனால் 'பிரஷர் மரபணு' என்று தனியாக ஒன்று இல்லை. 2018இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அதோடு பிரஷருடன் தொடர்புள்ள மரபணு இடங்களின் எண்ணிக்கை 901 ஆனது. 2024இல் வந்த அடுத்த பெரிய ஆய்வு 2,103 தனித்தனிக் குறிகளைக் காட்டியது. இவற்றில் பெரும்பாலானவை தனியாக நின்றால் மேல் எண்ணை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட நகர்த்தாது. சேர்ந்தால் கதை வேறு. 2018 ஆய்வில் 50 வயதைத் தாண்டியவர்களைப் பத்துப் பங்காகப் பிரித்தார்கள். மரபுச் சுமை மிக அதிகமான பங்குக்கும் மிகக் குறைவான பங்குக்கும் இடையே மேல் எண்ணில் சுமார் 13 மி.மீ. வித்தியாசம் இருந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அதாவது இந்த வித்தியாசம் முழுக்க ஒரே 'இனத்துக்கு' உள்ளேயே இருப்பது.

இனி இரண்டாவது கேள்வி. சிகாகோ பக்கம் லயோலா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கூப்பர் என்ற மருத்துவர் குழு, மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரை வெவ்வேறு நாடுகளில் ஒரே முறையில் அளந்து பார்த்தது. 1997இல் முடிவுகள் வெளியாயின. உயர் இரத்த அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம், கரீபியத் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. மூதாதையர் வந்த நிலப்பகுதி ஒன்றுதான், ஆனால் நோயின் அளவு இரண்டு மடங்கு.

2005இல் இதே குழு ஐரோப்பிய வம்சாவளியினரையும் சேர்த்து ஒப்பிட்டது. உயர் இரத்த அழுத்தம் நைஜீரியரில் 13.5 சதவீதம், ஜமைக்கரில் 28.6, அமெரிக்கக் கறுப்பினத்தவரில் 44. அமெரிக்க வெள்ளையர் 26.8, இங்கிலாந்து 42, பின்லாந்து 49, ஜெர்மனி 55.3. அமெரிக்காவை மட்டும் பார்த்தால் 'கறுப்பினத்துக்கு அதிகம்' என்று தோன்றும். ஜெர்மனியையும் நைஜீரியாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே வாக்கியம் தலைகீழாகிவிடும். மரபணு ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டியதும் மாறிவிடாது. வாழ்க்கை மாறும்.

#3 நிலநடுக்கோடு

இரட்டைச்சுருள் அவர்களே, உங்கள் எண்களை மறுக்கவில்லை. ஆனால் இனம் என்ற பேச்சு வந்தவுடன் எல்லோரும் வாழ்க்கைமுறைப் பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள் என்ற வருத்தம் எனக்கு உண்டு. மரபணு அளவில் வித்தியாசங்கள் இருக்கின்றனவே!

பிரஷரை ஏற்றும் ஹார்மோனுக்கு மூலமான புரதத்தைச் செய்வது ஆஞ்சியோடென்சினோஜன் மரபணு. அதில் 235டி என்ற வடிவம் இருக்கிறது. அது பிரஷரோடு தொடர்புடையது என்று 1992இலேயே சொன்னார்கள். ஐரோப்பியரின் மரபணுப் பிரதிகளில் பத்துக்கு நான்கு இந்த வடிவம் என்றால், மேற்கு ஆப்பிரிக்கரில் பத்துக்கு ஒன்பது. 2004, 2005இல் வந்த ஆய்வுகள் இதையே உலக வரைபடத்தில் வைத்துக் காட்டின. நிலநடுக்கோட்டுக்கு அருகில் உப்பைத் தக்கவைக்கும் வடிவங்கள் அதிகம், வடக்கே போகப் போகக் குறைகின்றன. வெயிலில் வியர்வையோடு உப்பு போய்க்கொண்டே இருக்கும் இடத்தில், அதைப் பிடித்து வைக்கும் சிறுநீரகம் ஒரு வரம். குளிர்நாடுகளுக்கு நகர்ந்தவர்களுக்கு அந்தத் தேவை இல்லாமல் போயிற்று. எனக்கு இது மிகவும் நேர்த்தியான விளக்கமாகப் படுகிறது. இதை ஒதுக்கிவிட்டால் அறிவியல் நஷ்டப்படும்.

#4 இரட்டைச்சுருள்

ஒதுக்கவில்லை நண்பரே. அந்த வரைபடம் உண்மை. தட்பவெப்பம் நம் மரபணுக்களைச் செதுக்கியிருக்கிறது என்பதில் எனக்கும் ஐயம் இல்லை. கேள்வி அடுத்த படியில்தான் இருக்கிறது: அந்த வடிவம் அதிகம் இருக்கும் இடத்தில் நோயும் அதிகமா?

235டி மிக அதிகமாக இருக்கும் மக்களில் நைஜீரியர் அடக்கம். மேலே உள்ள எண்களில் மிகக் குறைந்த பிரஷரும் அவர்களுக்குத்தான். ஜப்பானியரிடமும் இந்த வடிவம் ஐரோப்பியரைவிட மிக அதிகம். அதை வைத்து ஆப்பிரிக்கர், ஜப்பானியர் ஒரே கூடையில் என்று யாரும் பேசுவதில்லை. அப்புறம் ஒரு சிறு திருத்தம்: 235டிதான் மூத்த வடிவம், மனிதகுலத்தின் பொதுச் சொத்து. பின்னால் வந்த மாற்றம் மற்றதுதான். 'அவர்களுக்குக் கோளாறான மரபணு' என்ற பேச்சு அந்த இடத்திலேயே சறுக்குகிறது.

உப்பைப் பற்றிச் சொன்னீர்கள், அது பிடித்துப் போக வேண்டிய இழைதான். 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரம் பேருக்கு மேல் அளந்தது. அமேசான் காட்டில் வாழும் யானோமாமி மக்களின் சிறுநீரில் உப்பு இல்லை என்றே சொல்லலாம். அவர்களுடைய சராசரி பிரஷர் 96/61. வயது ஏறினாலும் அது ஏறவில்லை. கென்யாவில் லுவோ மக்கள் கிராமத்தை விட்டு நைரோபிக்குப் போனபோது, சில மாதங்களிலேயே அவர்களுடைய பிரஷர் ஊரில் தங்கிவிட்டவர்களைவிட உயர்ந்ததை 1990இல் வந்த ஆய்வு பதிவு செய்தது. சில மாதங்களில் எந்த மரபணுவும் மாறாது. உப்பு கூடும்போதுதான், உப்பைப் பிடித்து வைக்கும் மரபணு தன் குணத்தைக் காட்டும். இது மரபணுவுக்கும் வாழ்க்கைக்கும் நடக்கும் போட்டி கிடையாது. ஒன்று இல்லாமல் மற்றது வேலை செய்யாது.

#5 பழையஏடு

அமெரிக்கக் கறுப்பினத்தவரைப் பற்றிய பேச்சு வந்ததால், வரலாறு படிப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அடிமைக் கப்பல் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அட்லாண்டிக் கடலைக் கடக்கும்போது வாந்தி, பேதி, வியர்வை என்று உப்பை இழந்தவர்கள் இறந்தார்கள், உப்பைப் பிடித்து வைக்கும் உடல்வாகு உள்ளவர்கள் பிழைத்தார்கள், அவர்களுடைய வாரிசுகளுக்குத்தான் இன்று பிரஷர் என்பது அந்தக் கருதுகோள். கேட்டவுடன் நம்பத் தோன்றும். பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது.

அடிமை வணிக வரலாற்றில் பெரும் புலமை பெற்ற பிலிப் கர்டின் 1992இல் இதை ஆவணங்களோடு எடுத்துப் பார்த்தார். அந்தக் காலத்து மேற்கு ஆப்பிரிக்காவில் உப்புக்குப் பஞ்சம் இருந்தது என்பதற்கும், கப்பல் சாவுகளுக்கு உப்பிழப்புதான் முதன்மைக் காரணம் என்பதற்கும் வரலாற்றில் ஆதாரம் இல்லை என்று காட்டினார். மேலே உள்ள எண்களும் அவர் பக்கம்தான் நிற்கின்றன. கரீபியர்களின் முன்னோரும் அதே கடலைக் கடந்தவர்கள்தான், ஆனால் அங்கே அளவு குறைவு. ஜெர்மானியர் எந்த அடிமைக் கப்பலிலும் ஏறவில்லை.

இவ்வளவு கொடுமையைச் சுமந்தவர்களுடைய நோயை, அந்தக் கொடுமை அவர்கள் உடலில் விட்டுச்சென்ற முத்திரை என்று மட்டும் பார்ப்பது எனக்கு வலிக்கிறது. இன்றைக்கு அவர்கள் வாழும் சூழலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்றாகிவிடுகிறது.

#6 டயாலிசிஸ்_செவிலி

நான் சிறுநீரகப் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். இனத்தைப் பார்ப்பது எங்கே தவறாகப் போகிறது, மரபணுவைப் பார்ப்பது எங்கே உயிரைக் காக்கும் என்பதற்கு ஏ.பி.ஓ.எல்.1 என்ற மரபணுவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கறுப்பின நோயாளிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், கூடவே பிரஷரும் இருந்தால், 'பிரஷரால் வந்த சிறுநீரக நோய்' என்று கோப்பில் எழுதுவது வழக்கமாக இருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்ற பழியும் சேர்ந்துகொள்ளும். ஆனால் 2002இல் ஒரு பெரிய ஆய்வு, அவர்களுடைய பிரஷரை இன்னும் இறுக்கிக் கட்டுப்படுத்தியும் சிறுநீரகம் கெடும் வேகம் குறையவில்லை என்று காட்டியது. பிரஷர்தான் காரணம் என்றால் அப்படி நடக்கக்கூடாதே?

2008இல் 22ஆம் குரோமோசோமில் எம்.ஒய்.எச்.9 என்ற மரபணுவின் மேல் சந்தேகம் விழுந்தது. 2010இல்தான் ஆள் மாறிவிட்டது தெரிந்தது. உண்மையான காரணம் பக்கத்து வீட்டுக்காரர், ஏ.பி.ஓ.எல்.1. அதன் ஜி1, ஜி2 என்ற இரண்டு வடிவங்கள். இவை ஏன் பரவின என்பதுதான் என்னை அசத்திய பகுதி. ஆப்பிரிக்காவில் செட்சி ஈ கடித்தால் தூக்க நோய் வரும். அதை உண்டாக்கும் ஒட்டுண்ணியைக் கொல்லும் புரதத்தைத்தான் இந்த மரபணு செய்கிறது. ஒட்டுண்ணியின் ஒரு வகை அந்தப் புரதத்திலிருந்து தப்பிக்க வழி கண்டுபிடித்தது. ஜி1, ஜி2 வடிவங்கள் அந்த வழியை மறுபடி அடைத்தன. ஒரு பிரதி இருந்தால் பாதுகாப்பு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்துவிட்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அமெரிக்கக் கறுப்பினத்தவரில் சுமார் 13 சதவீதம் பேருக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன.

அதனால் பலருக்கு வரிசையே தலைகீழ். பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லை, மரபணுவால் கெட்ட சிறுநீரகம் பிரஷரை ஏற்றியது. எத்தனை பேர் தேவையில்லாத குற்ற உணர்வோடு எங்கள் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்!

சரி, அப்படியானால் 'ஆப்பிரிக்கர் மரபணு' என்று எழுதிவிடலாமா? கூடாது. இந்த வடிவங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் அதிகம். எத்தியோப்பியரிடம் இவை இல்லை என்று 2011இல் பார்த்தார்கள். எச்.ஐ.வி. தொற்றால் வரும் சிறுநீரக நோயும் அவர்களிடம் காணப்படவில்லை. எத்தியோப்பியரும் நைஜீரியரும் இனம் கேட்கும் படிவத்தில் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிப்பார்கள். மறுபக்கம், 87 சதவீதக் கறுப்பின அமெரிக்கர்களுக்கு இந்த இரட்டைப் பிரதி கிடையாது. இருப்பவர்களிலும் பலருக்கு வாழ்நாள் முழுவதும் சிறுநீரகம் நன்றாகவே இருக்கிறது. எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார் என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பரிசோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

பரிசோதித்தால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: இனாக்சாப்ளின் என்ற மருந்து இந்தப் புரதத்தையே அடைக்கிறது. 2023இல் வெளியான சிறிய ஆய்வில் இரட்டைப் பிரதி உள்ள 13 நோயாளிகளின் சிறுநீரில் புரதக் கசிவு சராசரியாக 47.6 சதவீதம் குறைந்தது. சிறு எண்ணிக்கைதான். ஆனாலும் அதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது.

#7 நிலநடுக்கோடு

செவிலி அக்கா, எத்தியோப்பியச் செய்தி எனக்குப் புதிது. நான் கேட்டதற்கான பதில் இதில் இருக்கிறது. மரபணு வித்தியாசம் உண்மை, ஆனால் அதன் எல்லைக்கோடு இனத்தின் எல்லைக்கோட்டின் மேல் விழவில்லை. அரிவாள்செல் நோயும் அப்படித்தானே? அதன் மரபணு ஒரு பிரதி இருந்தால் மலேரியாவிலிருந்து காக்கும். மலேரியா இருந்த பல இடங்களில் அது இருக்கிறது: ஆப்பிரிக்கா, கிரீஸ், அரேபியா, இந்தியா.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இனத்தைப் பார்த்து மாத்திரை கொடுக்கச் சொல்லி வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறதே, அது எப்படி?

#8 மருந்துச்சீட்டு

அதற்கு நான் பதில் சொல்கிறேன், மருந்தாளுநர் என்ற முறையில்.

ஆமாம், இருக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலில், 55 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் மருந்து ஏ.சி.இ. தடுப்பான் அல்லது ஏ.ஆர்.பி. வகை. கறுப்பின ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-கரீபிய வம்சாவளியினர் என்றால், நீரிழிவு இல்லாதபோது, எந்த வயதிலும் அம்லோடிபின் போன்ற கால்சியம் சேனல் மருந்து. தெற்காசியர் முதல் பட்டியலில்தான் வருவார்கள். காரணம் ரெனின் என்ற நொதி. சிறுநீரகம் சுரக்கும் அதுதான் பிரஷரை ஏற்றும் ஒரு ஹார்மோன் பாதையைத் தொடங்கிவைக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரில் ரெனின் குறைவான பிரஷர் அதிகம் காணப்படுகிறது. ஏ.சி.இ. தடுப்பான் அந்த ரெனின் பாதையில்தான் வேலை செய்கிறது. பாதையில் ஓட்டமே குறைவாக இருந்தால் அடைத்து என்ன பயன்? 2002இல் முடிவு வெளியான ஆல்ஹாட் ஆய்வில், லிசினோப்ரில் என்ற ஏ.சி.இ. தடுப்பானை எடுத்த கறுப்பினத்தவருக்கு நீர் மாத்திரை எடுத்தவர்களைவிடப் பக்கவாதம் 40 சதவீதம் அதிகமாக வந்தது. ஆகவே வழிகாட்டுதல் வெறும் முன்முடிவால் வந்தது இல்லை. 2019இல் ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 728 பேரிடம் நடந்த கிரியோல் ஆய்விலும் அம்லோடிபின் சேர்ந்த கூட்டு மருந்துகளே சிறப்பாக வேலை செய்தன.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அதே கிரியோல் ஆய்வில் அம்லோடிபினோடு ஏ.சி.இ. வகை பெரிண்டோப்ரில் சேர்ந்தபோது, அம்லோடிபினும் நீர் மாத்திரையும் சேர்ந்த கூட்டுக்குச் சமமாகவே இருந்தது. 'கறுப்பினத்தவருக்கு ஏ.சி.இ. வகை வேலையே செய்யாது' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும். வயதானால் யாருக்கும் ரெனின் குறையும், வெள்ளையரிலும் ரெனின் குறைந்தவர்கள் ஏராளம். சராசரி என்பது கூட்டத்துக்கு. என் முன்னால் நிற்பவர் ஒரே ஒருவர்.

பக்கவிளைவிலும் வித்தியாசம் உண்டு. ஏ.சி.இ. தடுப்பானால் உதடும் நாக்கும் வீங்கும் ஆபத்து கறுப்பினத்தவருக்கு அதிகம். வறட்டு இருமல் கிழக்காசியருக்கு அதிகம். இதை நான் மறக்காமல் சொல்லித்தான் மாத்திரையைக் கொடுப்பேன். இனத்தை மறந்துவிடுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அதைத் தற்காலிக அடையாளமாக மட்டும் வைத்துக்கொண்டு, ரெனினையே அளக்க முடியும்போது அளந்துவிட வேண்டும்.

#9 பழையஏடு

கிழக்காசியர் என்றதும் நினைவு வந்தது. மதுவை உடைக்கும் ஏ.எல்.டி.எச்.2 நொதி அவர்களில் பலருக்குச் செயல்படாத வடிவத்தில் இருக்கிறது. குடித்தால் முகம் சிவந்து குமட்டும், அதனால் குடிப்பது குறைவு, பிரஷரும் குறைவு. அந்த மரபணு பிரஷரைத் தொடுவதே இல்லை, கோப்பையைத்தான் தட்டிவிடுகிறது! வடிவம் இருந்தும் குடிக்கிறவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

#10 இரட்டைச்சுருள்

பழையஏடு, அருமையான எடுத்துக்காட்டு. நீங்கள் முன்பு சூழலைப் பற்றிச் சொன்னதற்கும் ஓர் ஆய்வு துணை நிற்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவில் 2009இல் வெளியானது. ஒருவருடைய ஆப்பிரிக்க வம்சாவளியின் விகிதத்தை மரபணுவிலிருந்து தனியாகக் கணக்கிட்டார்கள். ஊரார் கண்ணுக்கு அவர் எந்த நிறத்தவர் என்பதைத் தனியாகப் பதிந்தார்கள். பிரஷரோடு ஒத்துப்போனது ஊரார் பார்வைதான், மரபணு விகிதம் அல்ல. அதே ஆய்வாளர்கள் 2012இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் பார்த்தபோது, கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மேல் எண் சுமார் அரை மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. வம்சாவளி விகிதத்துக்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

இன்னொன்றையும் விடக்கூடாது. லாஸ் ஏஞ்சலஸில் 52 முடிதிருத்தகங்களில் கறுப்பின ஆண்களுக்கு மருந்தாளுநர்களே வந்து பிரஷர் பார்த்து மருந்து கொடுத்தார்கள். 2018இல் முடிவு வந்தது: ஆறு மாதத்தில் மேல் எண் சராசரியாக 27 மி.மீ. இறங்கியது. ஒப்பீட்டுக் குழுவில் 9.3 மட்டுமே. 'ஜீன் அப்படி, வரத்தான் செய்யும்' என்று கைவிரித்திருந்தால் இது நடந்திருக்குமா?

#11 தென்றல்34

எல்லோருக்கும் நன்றி. இரண்டு முறை உட்கார்ந்து படித்தேன். அப்படியானால் என் விஷயத்தில் மரபணுவைப் பற்றி நான் கேட்க வேண்டியது என்ன? இணையத்தில் எச்சிலை அனுப்பி ஆபத்து மதிப்பெண் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்களே, அது உதவுமா?

#12 இரட்டைச்சுருள்

அந்த மதிப்பெண் இப்போது வேண்டாம் என்பேன். 2019இல் கணக்கெடுத்தபோது, உலகின் இத்தகைய மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 79 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துக் கட்டிய மதிப்பெண் மற்றவர்களுக்குத் துல்லியம் குறையும். எஸ்.எச்.2பி.3 என்ற மரபணுவில் ஐரோப்பியரிடம் மிகப் பரவலான ஒரு பிரஷர் குறி, கிழக்காசியரிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எங்களிடம் இருக்கும் அளவுகோலே சாய்வாக இருக்கிறது. இதை மாற்றத்தான் எங்களைப் போன்றவர்கள் பாடுபடுகிறோம்.

உங்கள் குடும்ப வரலாறு அதைவிட நல்ல பரிசோதனை. மூன்று பேருக்கு நாற்பதுக்குள் வந்திருக்கிறது. லிடில் நோய்க்குறி போல ஒற்றை மரபணுவால் வரும் பிரஷர்கள் அரிதாக உண்டு. அதில் சிறுநீரகத்தின் சோடியக் கால்வாய் மூடாமல் திறந்தே கிடக்கும். உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் அல்டோஸ்டிரோன் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பது அத்தனை அரிதும் அல்ல. இரண்டிலும் இரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம். இவற்றுக்கு வேறு மருந்து, அதனால் கண்டுபிடிப்பது முக்கியம். அம்மாவுக்குப் பொட்டாசியம் குறைந்ததாக எப்போதாவது சொன்னார்களா?

#13 மருந்துச்சீட்டு

கூடவே ஒன்று, தென்றல். ரெனின், அல்டோஸ்டிரோன் பார்க்கச் சொன்னால், இப்போது எடுக்கும் மாத்திரையின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகள் அந்த எண்களை மாற்றிவிடும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

#14 தென்றல்34

அம்மாவிடம் கேட்டேன். பழைய அறிக்கைகளை ஒரு பையில் வைத்திருந்தார்கள். இரண்டில் பொட்டாசியம் குறைவாகத்தான் இருக்கிறது: 3.2, 3.1. யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லையாம். நேற்று வேறொரு மருத்துவரிடம் இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் எந்த இனம் என்று கேட்கவில்லை. யார் யாருக்கு, எந்த வயதில், யாருக்காவது பக்கவாதம் வந்ததா என்று கேட்டு, ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்தார். ரெனினுக்கும் அல்டோஸ்டிரோனுக்கும் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். பெரியம்மாவையும் அழைத்து வரச் சொன்னார். முடிவு வியாழக்கிழமை வரும், இங்கேயே எழுதுகிறேன்.